கங்காணி வீட்டுக் கணக்கு

எங்கள் பூட்டன் கண்டிச் சீமையில், அதாவது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், பெரிய கங்காணியாக இருந்தவர். ஊரிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டுபோய் வேலை வாங்குகிறவர்தான் கங்காணி. முசிறிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இன்றைக்கும் 'கங்காணி வீடு' என்றால்தான் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். பஞ்சத்தில் கிடந்த சனங்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு போட்ட புண்ணியவான் என்று கேட்டே வளர்ந்தோம். அவர் கைப்பட எழுதிய கணக்குப் புத்தகத்தைப் படித்த பிறகு, அந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்த மலைநாட்டில் இருக்கும் மஸ்கெலியாத் தோட்டக் கணக்கு அது. 1911-இல் தொடங்குகிறது. குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே புருஷன் பெயர், தகப்பன் பெயர், ஊர். கீழே பெண்சாதி, பிள்ளைகள். முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி என எல்லாமே அவர்கள் பற்றில். ஒரு பக்கத்தில் புருஷன் பெயரை அடித்து 'காலம்', அதாவது செத்துப்போனான், என்று எழுதியிருக்கிறார். அவன் பட்ட கடனை அடுத்த வரியிலேயே பெண்சாதி பெயரில் ஏற்றியிருக்கிறார். எழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை.

அதைவிடக் கொடுமை துண்டு. இந்த ஆளுக்குக் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்துத் துரை எழுதித்தரும் சீட்டு அது. வேறொரு தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனும் கூடவே போகும். ஆள் தட்டுப்பாட்டில் தோட்டங்கள் போட்டிபோட, துண்டுத் தொகை ஏறியது. ஏறிய பணத்தைக் கங்காணிகள் எடுத்துக்கொண்டார்கள். கடனைக் கூலிக்காரர்கள் சுமந்தார்கள். இது போக, வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. 1921-இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழித்தார்கள்.

அடிமை முறைக்கு இந்தியாவில் 1843-லேயே சட்டத்தின் துணை போய்விட்டது, இலங்கையிலும் மறு ஆண்டே ஒழித்துவிட்டார்கள், அதனால் நம் பூட்டன் ஆள் விற்றவர் இல்லை என்கிறார் பெரியப்பா. சட்டப்படி சரிதான். ஆனால் ஒரு குடும்பத்தைத் தொகை பேசி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றி, அதில் லாபம் பார்த்ததற்கு நான் வேறு பெயர் வைக்க மாட்டேன். எங்கள் நஞ்சையும் இந்த மச்சுவீடும் அந்தப் பணத்தில் வந்தவை. நான் கல்லூரியில் படித்ததும் அந்த நஞ்சை விளைச்சலில்தான்.

மலையில் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு 1948-இல் குடியுரிமை பறிபோனது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அந்த மக்களைக் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக் காட்டிலேயே குடியேறினார்கள். கோத்தகிரியில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். முசிறிப் பக்கம்தான் பூர்வீகம் என்று தகப்பனார் சொல்லக் கேட்டதோடு சரி, ஊர்ப்பெயர் தெரியாது என்றார். கப்பலில் வந்திறங்கியபோது அவரைக் கூட்டிப்போக ஒரு சொந்தக்காரரும் வரவில்லையாம்.

அவருக்குத் தெரியாத ஊர்ப்பெயர்கள் எங்கள் பரணில் நூறு வருடமாகக் கிடந்திருக்கின்றன. செத்தவர்களைக் கிளறாதே என்று பெரியப்பா தடுத்தார். நான் பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிட்டேன். மஸ்கெலியாவில் இருந்து திரும்பிவந்த குடும்பமோ, இன்னும் அங்கேயே இருக்கிற குடும்பமோ, பாட்டன் பூட்டன் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பக்கம் இருந்தால் ஊர்ப்பெயரைத் தேடி அனுப்புகிறேன். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே தங்கலாம்.