ஆத்தங்குடியில் கழித்து வைத்த கற்கள்

கும்பகோணத்திலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் பயணத்தை நான் வேண்டுமென்றே சுவாமிமலையில் தொடங்கினேன். கையால் செய்த பொருளில் சிறு பிசகு இருந்தால்தான் அழகு என்று நகரத்துக் கைவினைக் கடைகளில் விலையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சு அங்கே வெண்கலச் சிலை வார்க்கும் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் செல்லுபடியாகுமா என்று பார்க்கும் ஆசை எனக்கு வெகு நாட்களாக இருந்தது.

அங்கே வேலை மெழுகில் தொடங்குகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையில் முகம், கை, கால், ஆயுதம் எனத் தனித்தனியாகச் செய்து, சூடேற்றிய கருவியால் ஒட்டி உருவத்தை முழுமையாக்குகிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலைதான் துணை. சிலையின் உயரத்துக்கு நறுக்கிய ஓலையை மடித்து மடித்துத் தாலம் என்னும் அளவுப் பிரிவுகளாக்கிக்கொண்டு, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு, முழங்காலுக்கு இவ்வளவு என்று வைத்துப் பார்க்கிறார்கள். நான் போனபோது ஒரு பெரியவர் மெழுகு அம்மனின் இடது முழங்கையைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஓலையை வைத்துக் காட்டியபோதும், உண்மையைச் சொன்னால், நெல்மணி அகலத்துக்குமேல் வித்தியாசம் இல்லை. “மெழுகா இருக்கறப்பவே பாத்துடணும் சார். மண்ணு பூசிட்டா அப்புறம் கண்ணுக்குத் தெரியாது” என்றார்.

மெழுகின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றியபின் அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் பிறக்கிறது. பூசைக்குப் போகும் திருமேனி பின்னமாக, அதாவது ஊனமாக, இருக்கலாகாது என்பது ஆகம நெறி. உலோகம் ஓரிடத்தில் பாயாமல் பெரிய பள்ளம் விழுந்துவிட்டால் அந்தச் சிலை மறுபடி உருக்கு உலைக்கே போகிறது. உழைப்பு வீணாகும், உலோகம் வீணாகாது. இந்த ஒரு வசதிதான் அந்தக் கண்டிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது. மெழுகை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், வெண்கலத்தை மறுபடி உருக்கலாம் என்னும்போது குறையைப் பொறுத்துக்கொள்வதற்குக் காரணமே இல்லை. பக்தியைப் போலவே பொருளின் குணமும் அங்கே விதி வகுக்கிறது.

தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி சேர்ந்து, மறுநாள் காலை ஆத்தங்குடிக்குப் போனேன். பெரிய வீடுகளைப் பார்க்க வருபவர்களின் கார்கள் நிற்கும் தெருவைத் தாண்டியதும் தரையில் பதிக்கும் பூ ஓடு செய்யும் கொட்டகைகள் வந்துவிடுகின்றன; அந்த ஓட்டைத்தான் இங்கே கல் என்கிறார்கள். சூளை கிடையாது, அழுத்தும் இயந்திரம் கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் ஓர் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தடுப்புகள் கொண்ட ஓர் உலோக அச்சு, சுற்றிலும் நிறச் சிமெண்ட் குழம்பு நிறைந்த பாத்திரங்கள். முக்கியமான தளவாடம் இவ்வளவுதான்.

வேலை செய்பவர் சிறிய கரண்டியால் ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் உரிய நிறத்தை ஊற்றுகிறார்; இதழுக்கு மஞ்சள், இலைக்குப் பச்சை, பின்னணிக்குச் சிவப்பு. பிறகு அச்சைச் செங்குத்தாகத் தூக்குகிறார். அந்தத் தூக்கலில்தான் எல்லாம் இருக்கிறது. தடுப்பு விலகிய கணத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு, கோட்டின் கூர்மை கொஞ்சம் கரைகிறது. கை ஒரு நூல் அசைந்தாலும் மஞ்சள் பச்சைக்குள் வால் விட்டுவிடுகிறது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி ஈரத்தை உறிஞ்சவைத்து, கடைசியாகச் சாந்தை நிரப்பிக் கொத்துக்கரண்டியால் மட்டம் செய்கிறார். பூ கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடப்பதால் தாம் செய்ததைச் செய்தவரே அப்போது பார்க்க முடியாது. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கண்ணாடி கழன்று வரும்போதுதான் முகம் தெரிகிறது. அதற்குள் சிமெண்ட் இறுகிவிட்டது. அதை மறுபடி குழம்பாக்க உலகில் எந்த உலையும் இல்லை.

கொட்டகையின் ஓரத்தில் கழித்த கற்கள் தனியாக அடுக்கப்பட்டிருந்தன. கோணல் பூக்களையும் கலங்கிய இதழ்களையும் எதிர்பார்த்துப் போன எனக்கு அந்த அடுக்கு வியப்பளித்தது, ஏனென்றால் அதில் இருந்த பூக்களில் பல மிகவும் திருத்தமானவை. ஒன்றில் மூலை உதிர்ந்திருந்தது. ஒன்றில் காற்றுக்குமிழ் விட்ட சிறு குழிகள். ஒன்று ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தது. இன்னொன்றில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விற்பனைக்கு வைத்த அடுக்கிலிருந்து, இதழ் நன்றாகவே கலங்கிய கல் ஒன்றை எடுத்து உரிமையாளரிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார், விரல் முட்டியால் தட்டினார், இன்னொரு கல்லோடு முகத்துக்கு முகம் சேர்த்து ஓரம் பார்த்தார். “கலர் கொஞ்சம் இழுத்திருக்கு, அவ்வளவுதான் தம்பி. கல்லு நல்ல கல்லு” என்று அதே அடுக்கில் திரும்ப வைத்தார். பூவை அவர் பார்த்தது கடைசியில்தான்.

கைவினையைப் பற்றி நாம் பேசும்போது தவறவிடுவது இந்த வரிசையைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு கோடு கலைந்தாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளரும், கலைந்திருந்தால்தான் கைவேலை என்று கொண்டாடும் வாடிக்கையாளரும் பார்ப்பது ஒரே இடத்தை, அதாவது மேற்பரப்பின் பூவை மட்டும்தான். செய்பவரின் கண் முதலில் போவது ஓரத்துக்கும் கனத்துக்கும். இந்தக் கற்களை இடைவெளியே விடாமல் ஒட்ட ஒட்டப் பதிக்கிறார்கள்; ஒரு கல் அளவில் பிசகினால் வரிசை முழுவதும் நகரும், ஒரு மூலை உயர்ந்தால் காலில் இடறும், குழியில் அழுக்கு தங்கும். நிறம் கலங்கியதால் எவர் காலும் இடறியதில்லை. ஆகவே அவரைத் தாராள மனம் படைத்தவர் என்று சொல்வதும் பொருந்தாது; சுவாமிமலைப் பெரியவரைப் போலவே அவரும் கறார்தான், ஓலையை வைக்கும் இடம்தான் வேறு.

(இதற்கிடையில் ஆத்தங்குடிப் பூக்களை அப்படியே அச்சிட்ட செராமிக் டைல்ஸும் கடைகளில் கிடைக்கிறது. சிலவற்றில் பழைய தரை போலத் தோன்றுவதற்காக மங்கலையும் கறையையும்கூட அச்சிட்டிருக்கிறார்கள். நான்கு கல்லைச் சேர்த்து வைத்தால் ஒரே கறை அதே இடத்தில் நான்கு முறை வருகிறது. எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.)

அன்று பிற்பகல், கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் ஒரு பழைய வீட்டின் தரையில் நெடுநேரம் நடந்தேன். நின்று பார்த்தால் பூக்களின் வரிசை நேராக ஓடுகிறது. குனிந்து பார்த்தால் எந்த இரண்டு பூவும் ஒன்றல்ல. ஒரு தனிக் கல்லில் குறையாகத் தெரிகிற கலங்கல், நூற்றுக்கணக்கான கற்கள் சேரும்போது தரைக்கு ஒரு மென்மையைக் கொடுத்துவிடுகிறது. இதை அழகியல் தத்துவமாக்க வேண்டியதில்லை. தரையை எவரும் ஒற்றைக் கல்லாகப் பார்ப்பதில்லை என்பதே போதும். தேங்காய் எண்ணெயிட்டுத் துடைத்துத் துடைத்து, நடந்து நடந்து வந்த பளபளப்பு அது.

எங்கள் வீட்டு முன்திண்ணைக்குக் கற்கள் சொல்வதற்காக மறுபடி கொட்டகைக்குப் போனபோது, நல்லதாகப் பார்த்து நானே பொறுக்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று உரிமையாளர் உடனே மறுத்தார். ஒருநாள் கலக்கிய சிவப்பு மறுநாள் சிவப்போடு அப்படியே பொருந்தாது. ஒரே அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் தரையில் பட்டை பட்டையாகத் தெரியும் என்றார். நாலைந்து அடுக்குகளிலிருந்தும் கலந்து எடுத்து, உடைவதற்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் வைத்து, கொத்தனாரிடம் சொல்லவேண்டியதையும் என்னையே எழுதிக்கொள்ளச் சொன்னார்: பதிக்குமுன் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும், நிறம் அதிகம் கலங்கியவற்றைச் சுவரோரத்துக்கு ஒதுக்க வேண்டும், கறை போக்க ஆசிட் மட்டும் எந்தக் காலத்திலும் ஊற்றக் கூடாது.