622 ஒலிகளும் ஒரு ஜாய்ஸ்டிக்கும்

மூன்று வாரமாக என் ஸ்டாண்டில் இரண்டு கீபோர்டுகள் நிற்கின்றன. மேல்தட்டில் யமஹா பிஎஸ்ஆர்-இ373, புதிது. கீழ்த்தட்டில் கோர்க் எம்1, 1988-இல் வெளிவந்த வொர்க்ஸ்டேஷன், அதாவது ஒலி உருவாக்கமும் பாட்டுப் பதிவும் ஒரே பெட்டியில் உள்ள கீபோர்டு. மெல்லிசைக் குழுவில் வாசித்த ஒருவர், "இனி இதைத் தூக்க முதுகு தாங்காது தம்பி" என்று சொல்லி எனக்குத் தந்தது.

எம்1-ஐ வாசிப்பதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. அதன் நினைவகத்தைக் காப்பது உள்ளே பலகையோடு பற்றவைத்த சிஆர்2032 பட்டன் பேட்டரி. சேமித்து வைக்காமல் அவசரப்பட்டுக் கழற்றினேன்; 100 ஒலிகள், பல ஒலிகளை அடுக்கிய 100 கூட்டொலிகள் எல்லாம் துடைத்தாற்போல் போயின. புது பேட்டரிக்கு ஹோல்டர் பற்றவைத்து, மூல ஒலிகளைக் கணினியிலிருந்து மிடி கேபிள் (இசைக்கருவியும் கணினியும் தகவல் பரிமாறும் கம்பி) வழியாக அனுப்பினேன். இரண்டு முறை ஒன்றும் ஏறவில்லை. மெமரி ப்ரொடெக்ட்டை, அதாவது நினைவகத்தில் எழுதவிடாத பூட்டை, நான் நீக்கவே இல்லை! மூன்றாம் முறை ஏறியது.

காகிதக் கணக்கில் போட்டியே கிடையாது. இ373-இல் 622 ஒலிகள், ஒரே நேரத்தில் 48 ஸ்வரங்கள். எம்1-இன் ஒலி மாதிரிகள் மொத்தமே 4 மெகாபைட், ஸ்வரங்கள் 16. அதுவும் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு ஒலி மூலங்களைச் சேர்க்கும் இரட்டை ஆஸிலேட்டர் ஒலி என்றால் எட்டுதான். பெடலை மிதித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணினேன். ஒன்பதாவதை அழுத்தியதும் முதல் ஸ்வரம் செத்தது. பியானோவிலும் புதியதுதான் மேல். எம்1-இன் பியானோ நடன இசைக்கு உலகப் புகழ் பெற்றது, ஆனால் உண்மையான பியானோ என்று யாரும் ஏமாறமாட்டார்கள்.

நேற்று தோடி ராகத்தை எடுத்தேன்; அதில் காந்தாரம் மத்தியமத்தை நோக்கி வழுக்கி அசைய வேண்டும். 'சி' கட்டையை சட்ஜமாக வைத்து, புல்லாங்குழல் ஒலி. இ373-இல் காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்குப் போனால் படியேறுவதுபோல் இரண்டு தனித்தனிச் சத்தங்கள். ஸ்வரத்தை வழுக்கி வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் அதில் இல்லை. ஸ்வரத்தை வளைக்க முடியாத ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்தவர்களின் எரிச்சல் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

எம்1-இல் அந்த வேலையை ஜாய்ஸ்டிக் செய்யும்; அதன் வளைவின் அளவை இரண்டு அரைஸ்வரமாக வைத்தேன். சாதாரண காந்தாரத்தை வலது கையால் அழுத்தியபடி இடது கையால் ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் முழுதும் தள்ளினால் சரியாகச் சுத்த மத்தியமம். முதலில் சைக்கிள் மணி அடிப்பதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைத்து, உச்சிக்குப் போகும்போது தயங்கி, திரும்பும்போது தளர்த்தியதும் காந்தாரம் அசைந்தது. அடுக்களையிலிருந்து அம்மா, "இப்போதுதான் பாட்டு மாதிரி இருக்கிறது" என்றார்.

பதிவு செய்ய மட்டும் இ373 சுகம். ஒரே யுஎஸ்பி கேபிளில் ஒலி கணினிக்குள் போய்விடுகிறது. எம்1-க்குத் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், ஸ்பீக்கரும் வெளியே. அடுத்த வாரம் தைவதத்தை முயல வேண்டும். இடது மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது.