அக்ரகாஸ் முற்றுகை: இரண்டு அகழிகளுக்கு நடுவே

ரோமும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜும் மோதிய முதல் பியூனிக் போரில், சிசிலியின் தென்கரையில் கார்த்தேஜியர் காத்துநின்ற அக்ரகாஸ் நகரைச் சுற்றி ரோமானியர் இரண்டு அகழிகள் வெட்டினார்கள். உள் அகழி நகரத்தார் வெளியே வராமலிருக்க. வெளி அகழி, மீட்க வரும் படை முதுகில் பாயாமலிருக்க. முகாம்களும் இரண்டு: ஒன்று அஸ்கிலேபியஸ் கோயிலருகே, மற்றது ஹெராக்லியா பக்கம்.

இந்த ஏற்பாடு அடிபட்ட பிறகு வந்தது. கி.மு. 262இல் போஸ்டுமியஸ், மாமிலியஸ் என்ற இரு கான்சல்களும் (ரோமின் ஆண்டுத் தலைவர்கள், படையை நடத்துபவர்கள்) வந்தபோது அறுவடைக் காலம். வீரர்கள் கதிர் அறுக்கச் சிதறியிருந்த நேரம் பார்த்து நகரத்துப் படை பாய்ந்தது. முகாமைக் காத்தவர்கள் காவலில் நின்ற கொஞ்சம் பேர்தான். காவலிடத்தை விட்டு ஓடினால் மரண தண்டனை என்பதால் நின்று போராடினார்கள்; பலர் மடிந்தாலும், கடைசியில் வந்தவர்களை நகருக்குள் விரட்டினார்கள்.

உள்ளே 50,000 பேர். தளபதி, கிஸ்கோவின் மகன் ஹன்னிபால் (ஆல்ப்ஸைத் தாண்டியவர் வேறு, அவர் அப்போது பிறக்கவே இல்லை). ஐந்து மாதத்தில் நகரம் பசியில் வாடியது. அப்போதுதான் நகரத்தை மீட்க கார்த்தேஜின் இன்னொரு தளபதி ஹன்னோ சுமார் 50 யானைகளோடு வந்தார். நேரே மோதாமல், ரோமானியரின் தானியக் கிடங்கு இருந்த ஹெர்பெஸஸைப் பிடித்தார். இந்தப் போரிலேயே கார்த்தேஜ் செய்த மிகக் கூரிய காரியம் இதுதான் என்பேன். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் சிக்கினார்கள். பசியோடு நோயும் பரவியது. ரோமின் கூட்டாளியான சிராகூஸ் மன்னன் ஹீரோ எப்படியோ அனுப்பிய உணவு வந்துகொண்டிருக்காவிட்டால் முற்றுகையைக் கைவிட்டிருப்பார்கள்.

அடுத்து வட ஆப்பிரிக்காவின் நுமிடியக் குதிரைவீரர்களை முன்னே விட்டார் ஹன்னோ. ரோமானியக் குதிரைப்படையை நெருங்கி, பயந்து ஓடுவதுபோல் ஓடி, துரத்தி வந்தவர்களை வளைத்து வெட்டினார்கள். பிறகு டோரஸ் குன்றில் முகாமிட்டு இரண்டு மாதம் இருந்தார். நகரத்திலிருந்து இரவெல்லாம் தீ அடையாளம்: இனிப் பொறுக்க முடியாது, ஆட்கள் எதிரியிடம் ஓடுகிறார்கள்.

கடைசியில் சமவெளியில் சண்டை. வெகுநேரம் எந்தப் பக்கமும் சாயவில்லை. பின், முன்வரிசைக் கூலிப்படை உடைந்தது. யானைகளை ஹன்னோ அந்த வரிசைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். முன்னே விட்டிருந்தால் எதிரியின் அணி கலைந்திருக்கக்கூடும்; பின்னே நின்றதால், புறமுதுகிட்டு ஓடிவந்த சொந்த ஆட்களே யானைகள்மேலும் அடுத்த வரிசைகள்மேலும் விழுந்தார்கள். மொத்தப் படையும் குலைந்தது. பெரும்பாலான யானைகள் ரோமானியர் வசமாயின.

அன்றிரவு வென்றவர்கள் களைத்துத் தூங்கினார்கள், காவல் தளர்ந்தது. ஹன்னிபால் பதர் அடைத்த கூடைகளால் அகழிகளைத் தூர்த்து, தன் வீரர்களை அதன்மேல் நடத்திக் கூட்டிப் போய்விட்டார். விடிந்தபின் ரோமானியர் கொஞ்சதூரம் துரத்திவிட்டு, காவலற்ற நகரவாசல் பக்கம் திரும்பினார்கள். கிடைத்ததைச் சூறையாடினார்கள். ஏழு மாதம் அந்தப் படையோடு பட்டினி கிடந்த மக்களை அடிமைகளாக இழுத்துப் போனார்கள்.