வெற்றாக விட்ட இடம்

அண்டார்க்டிகாவில் ஆண்டுதோறும் எவ்வளவு பனி சேர்கிறது என்று கணக்கிட எடுத்த அந்த ரேடார் பதிவின் நடுவே சில கிலோமீட்டர் நீளத்துக்கு எந்த அளவும் தராமல் விட்டது சரிதானா என்று இன்னமும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முடிவெடுத்தபோது எனக்கு ஐயம் ஏதும் இருக்கவில்லை. பதிவில் பனியடுக்கு தெரியும் வரை அளக்க வேண்டும், தெரியாத இடத்தில் எதையும் சொல்லக் கூடாது என்றே நான் பழகியிருந்தேன். துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளை ஆய்ந்து வயது கணிக்கும் மூத்த ஆய்வாளர் என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள் நிரப்பாத இடத்தை வேறு யாராவது நிரப்பிக்கொள்வார்கள். எதை வைத்து நிரப்புவார்கள் என்று யோசித்தீர்களா?"

கிழக்கு அண்டார்க்டிகாவின் உட்புறப் பீடபூமியில், ஓராண்டில் சேரும் பனியை உருக்கினால் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக்கூட நீர் தேறாத பகுதிகள் பல உண்டு. அங்கே துளையிட்டு எடுக்கும் தண்டில் ஆண்டடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுவதைக் காட்டிலும், எரிமலைகள் விட்டுச்சென்ற சல்ஃபேட் தடயங்களை நம்புவதே பாதுகாப்பானது. 1815இல் வெடித்த இந்தோனேசியாவின் தம்போரா எரிமலையின் அமிலமும், அதற்குச் சற்று முன்பு, 1809 வாக்கில், எங்கோ வெடித்த ஒரு மலையின் அமிலமும் அடுத்தடுத்த இரண்டு முகடுகளாகத் தெரிவதால் அந்த இணையை அடையாளம் காண்பது கடினமல்ல. ஆண்டுக்கு 50 மில்லிமீட்டர் சேரும் இடத்தில் அது ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்தில் கிடக்கும். ஆனால் தண்டு சொல்வது ஒரு சாண் அகலம்கூட இல்லாத ஒரே ஒரு புள்ளியின் கதைதான். அந்த வயதைச் சுற்றுவட்டாரத்துக்கு எடுத்துச் செல்வது தரை ஊடுருவும் ரேடாரின் வேலை. தண்டு எடுத்த இடத்தில், அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எந்த எதிரொலி எந்த ஆண்டுக்கு உரியது என்று பொருத்திவிட்டால், பனிச்சறுக்கு வண்டியில் ஆண்டெனாவை இழுத்துக்கொண்டு போகும் தொலைவெல்லாம் அந்த எதிரொலியைத் தொடர்ந்து, அதற்கு மேலே எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று கணக்கிடலாம். தொடர்ச்சி இருக்க வேண்டும். முறை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

என் பதிவில் அந்தத் தொடர்ச்சி ஒரு சரிவில் அறுந்தது. நேரில் நின்று பார்த்தால் சரிவு என்றே தோன்றாது. கிலோமீட்டருக்குச் சில மீட்டர் இறக்கம், அவ்வளவுதான். ஆனால் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கிப் பாயும் கனத்த குளிர்காற்று அந்தச் சிறு இறக்கத்திலேயே வேகம் பிடித்து, விழுந்த பனியை அள்ளிச் சென்றுவிடும். பதிவில் அது இப்படித் தெரிந்தது: சரிவை நெருங்க நெருங்க அடுக்குகள் ஒன்றையொன்று நெருங்கி மேலேறின; இடைவெளிகள் மெலிந்தன; இரண்டு கோடுகள் ஒன்றாயின; பிறகு மேலடுக்குகள் பரப்பையே தொட்டு முடிந்தன. அதற்குக் கீழே சாய்வான, தொடர்பற்ற துண்டுகள் மட்டும். சரிவு முடிந்து தாழ்வான பகுதி தொடங்கும் இடத்தில் அடுக்குகள் மீண்டும் விரிந்து, நல்ல கனத்துடன் ஓடின.

அடுக்கைப் பின்பற்றி வரைந்துவந்த கோட்டை, அடுக்குகள் ஒன்றாகும் இடத்தில் நான் நிறுத்தினேன். மறுபுறம் மீண்டும் தொடங்கினேன். நடுப்பகுதிக்கு மதிப்பு இல்லை என்று குறித்தேன். அதற்கான காரணங்களை அவரிடம் வரிசையாகச் சொன்னேன், அவற்றில் எதையும் இன்றும் திரும்பப் பெறமாட்டேன். 400 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இறுகிய பனிக்குள் ஏறக்குறைய அரை மீட்டர். பனி குறைவாகச் சேரும் இடத்தில் அத்தனை தடிமனுக்குள் பல ஆண்டுகள் அடங்கிவிடும். அடுக்குகள் நெருங்கிவிட்டால் அவற்றைப் பிரித்துக் காட்ட அந்த அலையால் முடியாது. அடுத்தது அடர்த்தி. அலை போய்த் திரும்பும் நேரத்தை ஆழமாக்கவும், ஆழத்தை நீரளவாக்கவும் அடர்த்தி தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பிழைகளும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பது உண்மையே: அடர்த்தியை 10 விழுக்காடு கூட்டி எடுத்தால் நீரளவும் அவ்வளவு கூடும், ஆனால் அலைவேகம் குறைந்து ஆழம் சுமார் 3 விழுக்காடு சுருங்கும், நிகரமாக 7 விழுக்காட்டுப் பிழை மிஞ்சும். ஆனால் எங்கள் தண்டு எடுத்தது பனி ஒழுங்காகப் படிந்த சமதளத்தில். அங்கேயே மேல் ஒன்றிரண்டு மீட்டர் துளைக்கருவியிலிருந்து வெளிவரும்போது பொடிந்து உதிர்ந்தது. விளிம்பு சிதைந்த துண்டின் விட்டத்தை எங்கே வைத்து அளப்பது என்று தெரியாமல், பக்கத்தில் பனிக்குழி வெட்டி அந்த மேல்பகுதியின் அடர்த்தியை எடுத்தோம். காற்று மெருகேற்றி, பருமணிகள் வளர்ந்து கிடக்கும் சரிவுக்கு அந்த எண்களை எப்படிப் பொருத்துவேன்?

அவர் எதையும் மறுக்கவில்லை. "காரணங்கள் சரி. ஆனால் அடுக்கு எங்கே வேண்டுமானாலும் மறைவதில்லை. பனி குறைவாகச் சேரும் இடத்தில்தான் மறைகிறது. அப்படியானால் நீங்கள் அளந்தவை எல்லாம் பனி நிறையச் சேரும் இடங்கள். அவற்றின் சராசரி யாருடைய சராசரி?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்லாமல், இடைவெளி இருப்பதைத் தெளிவாகக் குறித்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அது பதில் அல்ல என்பது சொல்லும்போதே தெரிந்தது. பதிவைப் பயன்படுத்துபவர் வானிலை மாதிரியுடன் ஒப்பிடவோ வரைபடம் தயாரிக்கவோ வேண்டியவர். இருபுற மதிப்புகளுக்கிடையே ஒரு நேர்க்கோடு இழுத்துவிடுவார், அல்லது இடைவெளியைத் தவிர்த்துவிட்டுச் சராசரி எடுப்பார். எப்படிச் செய்தாலும் காற்று அள்ளிச் சென்ற பனி திரும்ப வந்து அங்கே படிந்துவிடும். இது சிறு பிசகல்ல. 2013இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு, இத்தகைய காற்றரிப்புப் பகுதிகள் அண்டார்க்டிகப் பரப்பில் 2.7 முதல் 6.6 விழுக்காடு வரை இருக்கலாம் என்றும், அவற்றைக் கணக்கில் கொள்ளாததால் கண்டத்தின் பனி வரவு ஆண்டுக்கு 11 முதல் 36.5 கிகாடன் (ஒரு கிகாடன் நூறு கோடி டன்) வரை மிகையாக மதிப்பிடப்படுகிறது என்றும் கணித்தது. கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரச் சுமார் 360 கிகாடன் நீர் வேண்டும் என்பதை நினைத்தால், ஆண்டுதோறும் சேரும் இந்த மிகை சிறியதல்ல என்பது புரியும்.

இருந்தும், என் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அளக்காத இடத்துக்கு எண் எழுதினால், அது அளந்த எண்ணுடன் ஒரே அட்டவணையில் ஒரே தோற்றத்துடன் உட்கார்ந்துவிடும். பத்தாண்டு கழித்து அதை எடுப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியிருக்காது.

அவர் சொன்னவற்றில் என்னை அதிகம் துரத்துவது அந்தச் சராசரிக் கேள்விகூட அல்ல. புறப்படும்போது சொன்னார்: "அந்தப் பக்கம் ஓடுவது அதே அடுக்குதான் என்று நம்ப மட்டும் நீங்கள் தயங்கவில்லையே." சரிவுக்கு அப்பால் பனித்தண்டு கிடையாது. அங்கே என் அடுக்குக்கு வயது கொடுத்தது தொடர்ச்சி அல்ல, சாயல். ஒரு பளிச்சென்ற கோடு, அடியில் மங்கலான இரண்டு, பிறகு அகன்ற வெற்று, மீண்டும் ஒரு தடித்த கோடு என்ற வரிசை இருபுறமும் ஒத்திருந்ததால் அதே அடுக்கு என்று கொண்டேன். இந்தத் துறையில் இது ஏற்கப்பட்ட வழிதான். அந்த ஒப்புமை வலுவானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும் துணிச்சல் இருந்தவனுக்கு, இடைவெளியைப் பற்றி ஏதேனும் சொல்லும் துணிச்சல் ஏன் இல்லாமல் போனது? மறுபுறம் கிடைத்தது பார்க்க அழகான, கனமான அடுக்கு. நடுவே இருந்தது சிதறல். சான்றின் வலிமையை எடைபோட்டு முடிவெடுத்தேனா, அல்லது படத்தின் தெளிவு என்னை நடத்திச் சென்றதா என்பதை எத்தனை முறை யோசித்தாலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவர் ஒரு நடுவழியும் காட்டினார்: எண் தர வேண்டாம், எல்லை தரலாம். அடுக்குகள் ஒன்றாகும் இடத்தில் கடைசியாகத் தெரிந்த ஆழத்துக்கு மேல் அங்கே சேர்மானம் இருக்க வழியில்லை என்று உச்சவரம்பு குறிப்பிடலாம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு, சரிவு முழுவதும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. ஊகமே வேண்டாம் என்றுதான் நான் வெற்றாக விட்டேன். அந்தப் பதிவை நான் மாற்றவில்லை. விளக்கக் குறிப்பில் மட்டும், இந்த இடைவெளி பனி குறைவாகச் சேரும் பகுதியைக் குறிக்கிறது, இருபுற மதிப்புகளைக் கொண்டு இதை நிரப்பக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன்.

அதன் பிறகு கைக்கு வந்த மற்றொரு பதிவிலும் இதே போன்ற சரிவு இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று விடுவதே நேர்மை என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆயினும் அந்த அட்டவணையில் உச்சவரம்புக்கென்று தனியாக ஒரு பத்தி திறந்து, சரிவு நெடுகிலும் அதை நிரப்பித்தான் அனுப்பினேன்.