ஆட்டம் எல்லோருக்கும்தானே?

2007-இல் நம் நாட்டில் ஒரு நல்ல சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை எந்தத் தனியார் சேனல் வாங்கியிருந்தாலும், விளம்பரம் இல்லாத நேரடி சிக்னலை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமை வாங்கியவருக்கே போகும். சரி, நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் அந்த சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி (ஆன்டெனா) ஒளிபரப்புக்கும், அதன் இலவச டிடிஎச் சேவையான ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கேபிள் வீடுகளில் தூர்தர்ஷன் வரும், ஆட்டம் வராது. மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டுகிறவரும் ரசிகர்தானே? இந்தியா ஆடும் இறுதிப் போட்டிக்காக அவரை இன்னொரு சேனலுக்கும் கட்டச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திக் கேபிளையும் சேர்க்க வேண்டும். அப்புறம், கைபேசியில் பார்க்கிறவர்களையும்.