மெழுகுவர்த்தி வாயுவும் வாழைத்தார் புகையும்

தங்கச்சி மக நேத்து கெமிஸ்ட்ரி புக்கோட வந்து உக்காந்துட்டா. "மாமா, பெரிய ஹைட்ரோகார்பனை உடைச்சா ஏன் ஒரு துண்டு ஆல்கீனா வருது, ரெண்டுமே ஆல்கேனா வரக்கூடாதா?" இதைத்தான் எல்லாரும் கேக்கணும், ஆனா மனப்பாடம் பண்ணிட்டு போயிடறாங்க. ஹைட்ரோகார்பன்னா கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தது, கார்பன்களுக்கு நடுவுல எல்லாமே ஒத்தைப் பிணைப்புன்னா ஆல்கேன், இரட்டைப் பிணைப்பு இருந்தா ஆல்கீன்.

ஹைட்ரஜனை எண்ணிப் பாருன்னேன். டெக்கேன்ங்கற ஆல்கேன்ல 10 கார்பன், 22 ஹைட்ரஜன். எட்டு கார்பனும் ரெண்டு கார்பனுமா உடைஞ்சு ரெண்டுமே ஆல்கேனா இருக்கணும்னா, ஆக்டேனுக்கு 18 ஹைட்ரஜன் வேணும், ஈத்தேனுக்கு 6, மொத்தம் 24, ஆனா இருக்கறது 22 தான். ரெண்டு குறையுதுல்ல, அதனால அந்த சின்ன துண்டுல இருக்கற ரெண்டு கார்பனும் சும்மா நிக்கிற கையால ஒன்னையொன்னு இன்னொரு தடவை புடிச்சுக்குது, அதான் இரட்டைப் பிணைப்பு, அதான் எத்திலீன்.

செஞ்சும் காட்டிடலாம்னு கொல்லைப்பக்கம் போனோம். மெழுகுவர்த்தி மெழுகும் நீள ஆல்கேன்தான், நம்ம பர்மா யேனாஞ்சாங் கிணறுகள்ல எடுக்கற குரூடு எண்ணெய் மெழுகுக்கு பேர்போனது, 1850கள்லயே ரங்கூன் ஆயில்னு லண்டனுக்கு கப்பல்ல போய் மெழுகுவர்த்தியாச்சு. கண்ணாடி டெஸ்ட் டியூப் அடியில மெழுகு, நடுவுல உடைஞ்ச பீங்கான் துண்டுங்க, பீங்கானை நல்லா சூடேத்திட்டு அப்புறம் மெழுகை லேசா சூடுபடுத்தணும். வர்ற வாயுவை ஒரு குழாய் வழியா கொண்டுபோய் தண்ணிக்குள்ள கவுத்த வேற டியூப்ல புடிக்கணும். முக்கியமா, அடுப்பை அணைக்கறதுக்கு முன்னாடி குழாயை தண்ணியை விட்டு வெளிய எடுத்துடணும், இல்லேன்னா தண்ணி உள்ள ஏறி சூடான டியூப் வெடிச்சுடும்.

முதல் டியூப்ல இருக்கறது பெரும்பாலும் காத்துதான், அதை விட்டுட்டு அடுத்ததுல அவ ரோஸ் கலர் பெர்மாங்கனேட் தண்ணி கொஞ்சம் ஊத்தி குலுக்கினா. ரோஸ் போயி பழுப்பாச்சு. ஆல்கேன்னா அப்படியே இருந்திருக்கும், இரட்டைப் பிணைப்போட அந்த ரெண்டாவது பிடி சுலபமா விட்டுக்கொடுக்கற பிடி, அதான் ஆல்கீனுக்கு இவ்ளோ வேகம்.

ரிபைனரியில இதையே சியோலைட்ங்கற நுண்துளைக் கனிமத்தை வினையூக்கியா வச்சு 500 டிகிரி கிட்ட செய்றாங்க, எத்திலீனே வேணும்னா நீராவியோட 800க்கு மேல.

எங்க அம்மா வாழைத்தாரை குழியில இறக்கி புகை போட்டு மண்ணு பூசுவாங்கல்ல, அந்த புகையில பழுக்க வைக்கறதும் இதே எத்திலீன்தான். சொன்னதும் அவ எழுந்து போயி மிச்சமிருந்த ரெண்டு டியூப் வாயுவையும் பச்சைக்காய் போட்ட டப்பாவுல விட்டு மூடினா, பக்கத்துல இன்னொரு டப்பா, அதுல வெறும் காத்தும் அதே சீப்புல ஒரு காயும். புதன்கிழமை திறக்கறோம்.