மகிழக் காரணம்: யாங்கோன் வேதபாடக் குறிப்புகள்

1 ஜூலை 2025, செவ்வாய்
இந்த மாதம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் பாடம், பிலிப்பியர் 4:4: 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்'. பவுல் கட்டுண்டிருந்தபோது எழுதிய நிருபம் (1:13 பார்க்க). 'கர்த்தருக்குள்' என்ற சொல்லை விழுங்கிவிட்டு வாசிப்பதுதான் எங்கும் நடக்கிற தவறு. அதை விட்டால் மிஞ்சுவது 'சிரித்த முகமாய் இரு' என்ற புத்திமதிதான். மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே, சகாயிங் பக்கம் சொந்தபந்தத்தை இழந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டில் அதைச் சொல்ல நாக்கு எழாது, சொல்லவும் கூடாது. கர்த்தர் எப்படிப்பட்டவர் என்பதே சந்தோஷத்துக்குப் பவுல் காட்டும் காரணம். ஆகவே நாலு வாரமும் தேவனுடைய குணம் மட்டும்.

3 ஜூலை, வியாழன்
அடித்தளம் யாத்திராகமம் 34:6-7. தம்முடைய குணத்தைக் கர்த்தரே தம் வாயால் சொல்லும் இடம்: 'இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்'. சொன்ன நேரத்தைக் கவனிக்க வேண்டும்: 32-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டி, கற்பலகைகள் உடைந்தாயிற்று. 33:18-ல் மோசே கேட்டது மகிமையை. 33:19-ல் கிடைத்த பதில், 'என்னுடைய தயையையெல்லாம்' காட்டுவேன் என்பது.

'நீடிய சாந்தம்' என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொற்கட்டு, நேர்ப்பொருளில் 'மூக்கு நீண்டவர்'. அந்த மொழியில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல். மூக்கு நீளமென்றால் சூடேற நேரமாகும். நமக்குப் புரியாத சங்கதியா? 'மூக்குக்கு மேலே கோபம்' என்று தினமும் சொல்கிறவர்கள்தானே. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்படிப் பதிந்தது மறக்காது.

கேள்வி வரும் இடம் 7-ஆம் வசனத்தின் 'மூன்று நான்கு தலைமுறை'. தாத்தா செய்ததற்குப் பேரனுக்கா அடி? யாத்திராகமம் 20:5-ல் 'என்னைப் பகைக்கிறவர்களை' என்று இருப்பதையும், தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்கிற எசேக்கியேல் 18:20-ஐயும் அங்கேயே சேர்த்து வாசித்துவிட வேண்டும். பிறகு கணக்கைக் காட்டலாம்: இரக்கத்துக்கு ஆயிரம் தலைமுறை, தண்டனைக்கு மூன்று நான்கு.

6 ஜூலை, ஞாயிறு
பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பர்மிய எழுத்துதான் சரளம். கையில் இருப்பதும் மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமம் (1840). 'கிருபை' என்றால் திருதிருவென்று விழிப்பார்கள். அதில் கிருபைக்கு உள்ள சொல் 'சேஸூ தோ'. கடைக்காரரிடம் தினமும் நன்றி என்று சொல்லும் 'சேஸூ தின் பாதே'யில் உள்ள அதே சேஸூ. அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பர்மியரிடையே பெற்றோரும் ஆசிரியரும் 'சேஸூ ஷின்', அதாவது உபகாரிகள். அவர்கள் செய்த உபகாரத்தைத் திருப்பிச் செய்தாக வேண்டும். தமிழில் நாமும் 'நன்றிக்கடன்' என்றே சொல்கிறோம். இப்படியே விட்டால் பிள்ளை கிருபையைக் கடன் என்று எடுத்துக்கொள்ளும். கடன்காரன் முகத்தில் சந்தோஷம் ஏது? எபேசியர் 2:8-ல் உள்ள 'ஈவு' என்ற சொல்லை இங்கேதான் வைக்க வேண்டும். கிரேக்கத்தில் கிருபை 'காரிஸ்', சந்தோஷம் 'காரா'. இரண்டும் ஒரே வேர். பெரியவர்களுக்கு இதைச் சொல்லலாம், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

9 ஜூலை, புதன்
யோனா 4:2. யாத்திராகமத்தின் அதே குணப்பட்டியலைச் சொல்லித்தான் யோனா கர்த்தரோடு சண்டை பிடிக்கிறான். எதிரியான நினிவே நகரத்துக்கும் மன்னிப்பு கிடைக்கிறதே என்ற எரிச்சல். நாகூம் 1:3-லும் 'நீடிய சாந்தம்' வருகிறது, அதே நினிவேக்கு. அங்கே அது எச்சரிப்பு. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் போதும், விளக்கம் தேவைப்படாது.

12 ஜூலை, சனி
மின்சாரம் வரும் நேரம் பார்த்து ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். 12 பிரதி. வசனங்களை எண்ணோடு நிறுத்தாமல் முழுவதும் அச்சடிப்பது நல்லது. தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடுகிறது.

13 ஜூலை, ஞாயிறு
புலம்பல் 3:22-23. கர்த்தருடைய இரக்கங்கள் 'காலைதோறும் புதியவைகள்' என்பது காலண்டர் வசனமாகிவிட்டது, பாவம். எரிந்துபோன எருசலேமின் நடுவிலிருந்து வந்த வரி அது. ஐந்து அதிகாரத்தில் நான்குக்கு 22 வசனம், மூன்றாவதற்கு மட்டும் 66: எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று. முதலில் 3:1-20 முழுவதையும் சத்தமாக வாசிக்க வேண்டும். சங்கடமாயிருக்கும் என்று தாண்டினால் 22-ஆம் வசனத்துக்குக் கனம் வராது.

17 ஜூலை, வியாழன்
ஆபகூக் 3:17-ல் ஆறு இழப்பு: அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு. வந்தவர்கள் அவரவர் இழப்பை எழுதட்டும். 'போன் தொலைந்தது' மாதிரி எழுதினால் பயிற்சி கெட்டது. ஆபகூக் சொல்வது அடுத்த வேளைச் சோறு. 'ஆனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' என்கிற 18-ஆம் வசனத்துக்கு யாரையும் பிடித்துத் தள்ளவும் கூடாது. அவனே 1:2-ல் 'எதுவரைக்கும்' என்று முறையிட்டு, 2:1-ல் காத்திருந்து, 3:16-ல் உடம்பு நடுங்கின பிறகுதான் அங்கே வருகிறான்.

20 ஜூலை, ஞாயிறு
துதி நேரத்துக்கு 20 நிமிடம். ஒரு குணம், ஒரு வசனம், பிறகு இரண்டு நிமிடம் அமைதி, அதன்பின் ஆளுக்கு ஒரு வாக்கியம், 'நீர்' என்று தொடங்கி. ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லும் பழக்கமுள்ள இடத்தில் இந்த வேகம் பிடிக்காது. எண்ணிக்கை ஏற ஏற வாய் மட்டும் ஓடும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. இன்னொன்று, துதிக்குள் விண்ணப்பம் நுழைந்துவிடும்: 'நீர் சுகமாக்குகிறவர், ஆகையால் என் முழங்காலை...' நடத்துகிறவர் சிரித்துக்கொண்டே நிறுத்தலாம். முழங்காலுக்குக் கடைசிப் பத்து நிமிடம் இருக்கிறது.

24 ஜூலை, வியாழன்
சங்கீதம் 96:11-13. வானம், சமுத்திரம், நாடு, காட்டு மரம் எல்லாம் களிகூருகின்றன. எதற்கு? கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்கு. நியாயத்தீர்ப்பு என்றதும் முகம் வாடுகிறவர்கள், நியாயம் கிடைக்காதவர்கள் பக்கம் நின்று இதை வாசிக்க வேண்டும். நீதியை மட்டும் பேசினால் பயம் மிஞ்சும், இரக்கம் மட்டும் பேசினால் நினிவேக்காரன் தப்பிவிட்டானே என்ற யோனாவின் எரிச்சல் மிஞ்சும். யாத்திராகமம் 34:6-7-ஐ மறுபடி பலகையில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்கலாம்.

செப்பனியா 3:17-க்கு இந்த மாதம் இடமில்லை. அங்கே சந்தோஷப்படுகிறவர் கர்த்தர், ஜனத்தின் பேரில். அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.